நூத்துக்கு 10 ரூபாய் வட்டி... கந்துவட்டிக்குப் போகும் முன் எங்கெல்லாம் கேட்கலாம்? குறைந்த வட்டிக் கடன்கள் - முழு விவரம்

ஜூன் மாதம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஆடியில் விதைப்புச் செலவு, நடுவில் திடீரென்று ஓர் ஆஸ்பத்திரி பில். கையில் காசு இல்லாத குடும்பம் முதலில் யாரைத் தேடிப் போகும்? பெரும்பாலும் தெருமுனையில் இருக்கும் வட்டிக்காரரைத்தான். ஆதார் நகல், மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், சிபில் ஸ்கோர் எதுவும் அவர் கேட்பதில்லை. ஒரு புரோநோட்டு, ஒரு கையெழுத்து. அரை மணி நேரத்தில் பணம் கைக்கு வந்துவிடும்.

கந்துவட்டி ஜெயிப்பது இந்த அரை மணி நேரத்தில்தான். தமிழ்நாட்டில் 4 சதவீதம், 7 சதவீதம், ஏன் வட்டியே இல்லாமல்கூடக் கடன் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் அவசரத்துக்கு ஓடிப்போய் நின்றால் அங்கே கதவு திறக்காது. கடன் தேவைப்படுவதற்கு முன்பே உறுப்பினராகவோ, குழுவில் ஒருவராகவோ, அடையாள அட்டை வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். எங்கே, எப்படி என்பதைப் பார்ப்பதற்கு முன், வட்டிக்காரரிடம் நிஜமாக எவ்வளவு கொடுக்கிறோம் என்ற கணக்கைப் போட்டுவிடலாம்.

10 வட்டி, தண்டல்... உண்மையில் எத்தனை சதவீதம்?

'10 வட்டி' என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய். கேட்க 10 சதவீதம் மாதிரி இருக்கும். ஆனால் வங்கிகள் வட்டியைச் சொல்வது வருஷக் கணக்கில். அப்படிப் பார்த்தால் இது ஆண்டுக்கு 120 சதவீதம். 50,000 ரூபாய் வாங்கியவர் மாதம் 5,000 ரூபாய் வீதம் ஒரு வருஷத்தில் 60,000 ரூபாய் வட்டி மட்டும் கட்டியிருப்பார். அசல் 50,000 அப்படியே நிற்கும். அதே தொகையை 10 சதவீத வட்டிக்கு வங்கியில் வாங்கியிருந்தால் ஒரு வருஷ வட்டியே 5,000 ரூபாய்தான். அதாவது வட்டிக்காரருக்கு ஒரு மாசத்துக்குக் கொடுப்பதும் வங்கிக்கு ஒரு வருஷத்துக்குக் கொடுப்பதும் ஒரே தொகை.

தண்டல் கொஞ்சம் வித்தியாசமானது. 10,000 ரூபாய் கடன் என்பார்கள்; 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "1,500 தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. 50வது நாளில் பாதிக்கும் மேல் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் எடுக்கப்பட்டிருக்கிறது. இதை வங்கி முறையில் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் வரும். 10 வட்டியும் தண்டலும் வேறு வேறு பெயர்களில் ஏறக்குறைய ஒரே விலைதான்!

முறைப்படி இயங்கும் நிறுவனங்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. 'ஃபிளாட் 12 சதவீதம்' என்று ஒரு லட்சம் ரூபாயை இரண்டு வருஷத்துக்குக் கொடுத்தால் மாதத் தவணை சுமார் 5,167 ரூபாய். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் கணக்கில் பார்த்தால் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டிவிடும். இதற்காகத்தான் 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடன்களுக்கும் சிறு, குறு தொழில் கடன்களுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வட்டி, பிராசசிங் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் என்று அதில் ஒரே எண்ணாகப் போட்டிருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்த எண்ணை மட்டுமாவது கேளுங்கள்.

வீட்டில் நகை இருந்தால்?

குறைந்த வட்டியும் வேகமும் ஒன்றாகக் கிடைக்கும் ஒரே வழி இதுதான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் (ஊர்ப் பேச்சில் 'சொசைட்டி'), மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, பொதுத்துறை வங்கி என மூன்று இடங்களிலும் நகைக்கடன் உண்டு. நகைக்கடன் பொதுவாக அன்றைக்கே கைக்கு வந்துவிடும். வட்டி இடத்துக்கு இடம் மாறும் என்றாலும் அடகுக்கடையின் 2 வட்டி, 3 வட்டியோடு (ஆண்டுக்கு 24, 36 சதவீதம்) ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு.

நகைக்கடன் விதிகளை ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் மாற்றி எழுதியது. 2026 ஏப்ரல் 1க்குள் எல்லா நிறுவனங்களும் இதற்கு மாற வேண்டும். அதன்படி இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். இரண்டரை முதல் 5 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வருஷக் கடைசியில் அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், கட்ட வேண்டிய வட்டியையும் சேர்த்துத்தான் இந்த 85 சதவீதம். கைக்கு வருவது அதைவிடக் குறையும்.

கடனை அடைத்த அன்றே, அதிகபட்சம் 7 வேலை நாட்களுக்குள், நகையைத் திருப்பித் தர வேண்டும். தங்கள் தவறால் தாமதம் செய்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்கிறது விதி. ஏலம் விடுவதாக இருந்தாலும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். தெருமுனை அடகுக்கடையில் வைத்த நகைக்கு இந்த விதிகள் எதுவும் பொருந்தாது.

"பொண்ணு கல்யாணத்துக்கு வச்ச நகை, அடகு வைக்க மனசு வரல" என்று சொல்லிவிட்டு 10 வட்டிக்கு வாங்குபவர்கள் நிறைய. மனசு புரிகிறது. ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 50,000 ரூபாய்க்கு ஒரு வருஷம் கட்டும் 60,000 ரூபாய் கந்துவட்டியில், அந்தக் கடனையே அடைத்துவிட்டு மிச்சமும் வைத்திருக்கலாம்.

விவசாயிகளுக்கு வட்டியில்லாக் கடன்

தமிழ்நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ல், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் தொடங்கியது. விவசாயியை வட்டிக்காரரிடமிருந்து மீட்க வேண்டும் என்பதுதான் அந்த முயற்சியின் நோக்கமே. 120 வருஷம் கழித்தும் அந்த வேலை முடியவில்லை என்பது வேறு கதை.

இப்போதைய நிலை இதுதான்: கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். குறித்த தேதிக்குள் கட்டிவிட்டால் அந்த வட்டியை அரசே ஏற்றுக்கொள்கிறது. விவசாயி அசலை மட்டும் கட்டினால் போதும். வணிக வங்கிகளில் கிசான் கிரெடிட் கார்டு மூலம் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி போக 4 சதவீதம். அடமானம் இல்லாமல் தரும் விவசாயக் கடனின் வரம்பு 2025 ஜனவரி 1 முதல் 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்ந்திருக்கிறது. ஆடு, மாடு வளர்ப்பவர்களும் மீனவர்களும் கிசான் கார்டு கேட்கலாம்.

சங்கத்தில் உறுப்பினராக இருப்பது அவசியம். ஆதார், ரேஷன் கார்டு, சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், வங்கிப் பாஸ்புக் ஆகியவை தேவைப்படும். விதைப்பு நேரத்தில் போய் உறுப்பினராகச் சேர்ந்து, அடங்கல் வாங்கி, கடன் கேட்பது என்றால் பருவமே தாண்டிவிடும். கோடையிலேயே இந்த வேலைகளை முடித்துவைப்பது நல்லது. குத்தகை விவசாயிகளுக்குத்தான் உண்மையான சிக்கல்: சாகுபடி செய்வது இவர், சிட்டாவில் இருப்பது நில உரிமையாளர் பெயர். உரிமையாளர் எழுதிக்கொடுக்கத் தயங்கினால் கடன் நின்றுவிடுகிறது. இவர்களில் பலர் வட்டிக்காரரிடம் போக வேண்டியிருப்பது இதனால்தான்.

தள்ளுவண்டி, பூக்கடை, காய்கறிக்கடை வைத்திருப்பவர்களுக்கு?

தண்டலை அதிகம் நம்பியிருப்பது இவர்கள்தான். காலையில் கோயம்பேட்டிலோ மாட்டுத்தாவணியிலோ சரக்கு எடுக்கப் பணம் வேண்டும். சாயங்காலம் வசூல் வரும். தினசரி வரவுக்குத் தினசரித் தவணை பொருத்தமாக இருக்கிறது. அதனால்தான் தண்டல் நிற்கிறது.

இவர்களுக்காகவே 2020 ஜூனில் வந்தது 'பிஎம் ஸ்வநிதி' திட்டம். 2025 ஆகஸ்டில் தொகைகளைக் கூட்டி, 2030 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். முதல் கடன் 15,000 ரூபாய். அதை அடைத்தால் 25,000, அதையும் அடைத்தால் 50,000. அடமானம் கிடையாது. தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வரவாகும். க்யூஆர் கோடு மூலம் வியாபாரம் செய்தால் கேஷ்பேக்கும் உண்டு.

ஒரு கணக்கு பார்ப்போம். வங்கி வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 15,000 ரூபாய்க்கு 12 மாதத் தவணை சுமார் 1,333 ரூபாய். வருஷம் முழுவதற்கும் வட்டி 1,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும்; மானியம் வந்தால் அதிலும் பாதிக்கு மேல் குறையும். அதே 15,000 ரூபாய்த் தண்டலில் கைக்கு வருவது 12,750. 100 நாளில் வட்டி 2,250. ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று வருஷம் முழுக்கச் சுழற்றினால் 8,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். தண்டலுக்கு நாளைக்கு 150 ரூபாய் எடுத்துவைக்கிறவர், இதற்கு 45 ரூபாய் எடுத்துவைத்தால் போதும். ஆனால் அந்த 45 ரூபாயை வாங்கிப்போக யாரும் வரமாட்டார்கள். தானாகவே உண்டியலிலோ கணக்கிலோ போட்டுவைக்க வேண்டும். மாதத் தவணையில் பல வியாபாரிகள் சறுக்குவது இங்கேதான்.

விண்ணப்பிக்க மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சி தந்த தெருவோர வியாபாரி அடையாள அட்டையோ சான்றிதழோ வேண்டும். கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். அந்த அட்டை இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குவதுதான் வேலை.

கடையைப் பெரிதாக்க வேண்டும், மெஷின் வாங்க வேண்டும் என்பவர்களுக்கு முத்ரா கடன் இருக்கிறது. 'சிசு' பிரிவில் 50,000 வரை, 'கிஷோர்' 5 லட்சம் வரை, 'தருண்' 10 லட்சம் வரை, எல்லாமே அடமானம் இல்லாமல். கைவினைஞர்களுக்குத் தமிழ்நாடு அரசின் 'கலைஞர் கைவினைத் திட்டம்' இருக்கிறது. 2025 ஏப்ரலில் தொடங்கிய இதில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீத மானியமும் (அதிகபட்சம் 50,000 ரூபாய்), வட்டியில் 5 சதவீதச் சலுகையும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு தாட்கோ, பிற்படுத்தப்பட்டோருக்கு டாப்செட்கோ, சிறுபான்மையினருக்கு டாம்கோ ஆகிய அரசு நிறுவனங்களும் மானியத்துடனோ குறைந்த வட்டியிலோ தொழில் கடன் தருகின்றன.

'குரூப் லோன்' எல்லாம் ஒன்றா?

இல்லை. பெண்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். தெருவில் "குழு லோன்" என்று ஒரே பெயரில் சொல்லப்படுபவை இரண்டு வேறு விஷயங்கள்.

முதலாவது மகளிர் சுய உதவிக் குழு. 1989ல் தர்மபுரியில் தொடங்கித் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. 10 முதல் 20 பெண்கள் சேர்ந்து வாரமோ மாதமோ சேமித்து, அந்தப் பணத்தைத் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டு, கணக்குப் புத்தகம் ஒழுங்காக எழுதினால் ஆறு மாதத்தில் வங்கிக் கடனுக்குத் தகுதி வரும். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் 3 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு வட்டி 7 சதவீதம். 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து அவசரத்துக்கு 5,000, 10,000 எடுக்கலாம்; அந்த வட்டியும் குழுவுக்கே திரும்பி வரும். கந்துவட்டியின் வேகத்தோடு போட்டிபோடக்கூடிய ஒரே ஏற்பாடு குழுவின் இந்தக் கைக்காசுதான்.

இரண்டாவது மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் தரும் கடன். இங்கேயும் நாலைந்து பெண்களைச் சேர்ப்பார்கள், வாரக் கூட்டம் நடத்துவார்கள். ஆனால் வட்டி ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். கந்துவட்டியைவிட இது எவ்வளவோ மேல், சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் ஒன்றை அடைக்க இன்னொன்று என்று மூணு நிறுவனத்தில் வாங்கும்போதுதான் கழுத்து இறுகுகிறது. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ வசூலுக்கு வரக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் போடக் கூடாது. இரவு 8 மணிக்கு வாசலில் வந்து உட்கார்ந்தால் அது விதிமீறல்.

மாதச் சம்பளக்காரர்கள் பார்க்க வேண்டியவை

கிரெடிட் கார்டு பில்லில் 'மினிமம் டியூ' மட்டும் கட்டிக்கொண்டு போனால் மீதித் தொகைக்கு மாதம் மூன்றரை சதவீதம் அளவுக்கு வட்டி ஏறும். ஆண்டுக்கு 42 சதவீதம். அதாவது கார்டு என்ற பெயரில் ஒரு மூணரை வட்டி! இதற்குப் பதில் எல்ஐசி பாலிசி, பிக்சட் டெபாசிட், பிபிஎஃப் கணக்கு இருந்தால் அவற்றின் மேலேயே கடன் வாங்கலாம். டெபாசிட் மீதான கடனுக்கு, டெபாசிட்டுக்குத் தரும் வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூடுதல். சிபில் பார்க்கமாட்டார்கள்.

மருத்துவச் செலவு என்றால், கடன் கேட்கும் முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு கிடைக்கும். கல்விச் செலவுக்கு, ஏழரை லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கி சொத்து அடமானம் கேட்கக் கூடாது.

லோன் ஆப்: 'ஐந்தே நிமிடத்தில் பணம்'

போனில் இருக்கும் கந்துவட்டி என்றே சில ஆப்களைச் சொல்லலாம். 5,000 கேட்டால் 'கட்டணம்' போக 3,000 சொச்சம் வரும். ஏழு நாளில் 5,000 கட்டு என்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் ஆப் உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்கள், படங்கள், கால் விவரங்களைத் தொடக் கூடாது. பின்னால் இருக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் குறைந்தது ஒரு நாளுக்குள் அபராதமின்றித் திருப்பிக் கொடுக்க வாய்ப்பும் தர வேண்டும். அனுமதி பெற்ற ஆப்களின் பட்டியல் 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. 'கான்டாக்ட்ஸ் அனுமதி' கேட்கும் ஆப்பை அந்த நிமிடமே நீக்கிவிடலாம். படத்தை மார்ஃபிங் செய்து மிரட்டினால் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

வங்கி 'இல்லை' என்று சொன்னால்?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சிபில்தான் காரணம் என்றால், ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். அடைத்த கடன் இன்னும் நிலுவையாகக் காட்டப்பட்டிருப்பது அபூர்வமில்லை. இதுவரை கடனே வாங்காதவரை, ஸ்கோர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று மத்திய நிதியமைச்சகம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. வங்கியில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு

சினிமா தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் 2003ல் தற்கொலை செய்துகொண்டதை அடுத்துத் தமிழ்நாட்டில் அதீத வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல், நாள் வட்டி, மணி வட்டி எல்லாமே அதில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டம் இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே தீக்குளித்தது. 2022ல் போலீசார் 'ஆபரேஷன் கந்துவட்டி' நடத்தினார்கள். கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025 ஏப்ரலில் இன்னொரு சட்டமும் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

இந்தச் சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கிறது. கடன் வாங்கியவர், அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரி மனு போடலாம். வட்டிக்காரர் வாங்க மறுத்தாலும், 'இன்னும் பாக்கி' என்று இழுத்தாலும் இது கைகொடுக்கும். மாவட்ட இலவச சட்ட உதவி மையத்தில் வழக்கறிஞர் கிடைப்பார்.

நகைக்கடனோ குழுக் கடனோ வாங்கி கந்துவட்டியை அடைப்பதாக இருந்தால், முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி மூலம் அனுப்பினால் சாட்சி இருக்கும். பணம் கொடுக்கும் அதே நேரத்தில் புரோநோட்டு, கையெழுத்துப் போட்ட வெற்று செக், பத்திரம் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிட வேண்டும். "அப்புறம் தேடித் தர்றேன்" என்ற பேச்சை நம்பி விட்டுவைத்த செக்தான் ரெண்டு வருஷம் கழித்து வழக்காக வரும்.

மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்திலோ மாவட்ட எஸ்.பி. அலுவலகத்திலோ, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம். மனு கொடுத்ததற்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். கடன் நெருக்கடியால் தற்கொலை எண்ணம் வந்தால், 104 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம்.